பகலோட்டமும் இரவு வேட்டையும்: இங்கிலாந்தின் முயல் வேட்டை நாய்களும் சட்ட வரலாறும்

முன்னுரை

வேட்டை என்பது மனிதனின் தொன்மையான தொழில். உணவுக்காகத் தோன்றிய இத்தொழில், காலப்போக்கில் அரசர்க்கும் செல்வர்க்கும் பொழுதுபோக்காகவும், எளியவர்க்குத் தண்டனைக்குரிய குற்றமாகவும் பிரிந்து நின்றது. இப்பிரிவு எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அறிய, வேட்டையாடியவர்களின் வரலாற்றைப் போலவே அவர்களுடன் சென்ற நாய்களின் வரலாறும் துணைபுரிகின்றது. இங்கிலாந்தில் பகலில் திறந்த வெளியில் முயலைத் துரத்துவதற்கென வளர்க்கப்பட்ட நாய்களும் அவற்றின் கலப்பினங்களும் இரவில் வளைமுயல் வேட்டைக்கும் பயன்பட்ட வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. அவ்வேட்டையைக் கட்டுப்படுத்த இயற்றப்பட்ட சட்டங்கள் எதைக் காக்க முயன்றன என்பதும் இங்கு நோக்கப்படுகின்றது.

முயல் என்னும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘ஹேர்’, ‘ராபிட்’ என இரு பெயர்களால் வேறுபடுத்தப்படும் இரு விலங்குகளையும் தமிழ் ‘முயல்’ என்னும் ஒரு சொல்லாலேயே குறிக்கின்றது. இந்தியக் காடுகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இயல்பாக வாழ்பவை முதல் வகையைச் சேர்ந்தவையே. எனவே சங்கப் பாடல்களில் வரும் முயலும் திருக்குறள் சுட்டும் கானமுயலும் அவ்வகையினவே எனக் கொள்ளலாம். இரண்டாம் வகை ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதிக்கு உரியது; தமிழகத்திற்கு வளர்ப்பு விலங்காக வந்து சேர்ந்தது. இக்கட்டுரையில் தெளிவு கருதி முதல்வகை ‘வெளிமுயல்’ என்றும், இரண்டாம் வகை ‘வளைமுயல்’ என்றும் குறிக்கப்பெறுகின்றன.

இவற்றிடையே உள்ள வேறுபாடு பெயரளவினதன்று. வெளிமுயல் வளை தோண்டுவதில்லை. புல்வெளியில் சிறு பள்ளத்தில் படுத்திருக்கும். அதன் குட்டிகள் பிறக்கும்போதே மயிரும் திறந்த கண்களும் உடையவை. பகை நேருங்கால் அது ஓட்டத்தையே நம்புகின்றது. மணிக்கு ஏறத்தாழ 70 கி.மீ. வேகத்தில் ஓடவும், ஓடும்போதே சட்டெனத் திரும்பவும் வல்லது. வளைமுயலோ நிலத்தடியில் கூட்டமாக வாழ்வது. அதன் குட்டிகள் கண் திறவாமல், மயிரின்றிப் பிறப்பவை. அந்தியிலும் இரவிலும் மேய்ச்சலுக்கு வெளிவந்து, ஆபத்து நேர்ந்தால் குறுகிய தூரம் ஓடி வளைக்குள் மறைந்துவிடும். ஆகவே வெளிமுயலைப் பிடிக்க நெடிய ஓட்டம் வேண்டும். வளைமுயலைப் பிடிக்க அது வளையை அடையும் முன் பாயும் விரைவு வேண்டும். பகல் வேட்டை நாய், இரவு வேட்டை நாய் என்னும் பாகுபாட்டிற்கு அடிப்படை இவ்விலங்கியல் வேறுபாடே ஆகும்.

வலையும் ஓட்டமும்

நாயைக் கொண்டு முயல் பிடிக்கும் முறைகளுள் மிகப் பழையது வலை வேட்டை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் எயினரின் வேட்டையைப் பகல், இரவு என இருவகைப்படுத்திக் காட்டுகின்றார். நள்ளிரவில் குழிகளில் ஒளிந்திருந்து, நீருண்ண வரும் பன்றியை எதிர்நோக்குவது ஒருவகை. அது வாய்க்காதபோது பகலில் நாய்களுடன் சென்று புதர்களைக் கலைத்து, வேலிபோல் தொடர்ந்து கட்டிய வலைகளில் முயலை வளைத்துப் பிடிப்பது மற்றொருவகை. பிடித்ததைக் கானவர் கூடி உண்டனர் என்பதும் அப்பாடலால் அறியப்படுகின்றது. இங்கு நாயின் பணி முயலைக் கலைத்து வலைக்குள் செலுத்துவது. ஓட்டப் போட்டிக்கு இதில் இடமில்லை.

கிரேக்க நாட்டிலும் இத்தகைய முறையே வழங்கிற்று. கி.மு. நான்காம் நூற்றாண்டினரான செனபோன் தம் வேட்டை நூலில் மோப்ப நாய்களைக் கொண்டு வெளிமுயலை வலைக்குள் செலுத்தும் முறையை விரித்துரைக்கின்றார். ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரியன் அதே பொருளில் நூல் எழுதியபோது, செனபோன் அறியாத நாயினம் ஒன்றைப் பற்றிக் கூறுவதே தம் நோக்கம் என்கின்றார். கெல்டியர் வளர்த்த அந்நாய்கள் மோப்பத்தை நம்பாமல் கண்ணால் கண்டு விரைந்து துரத்தின. அவற்றிற்கு வலை தேவைப்படவில்லை. உண்மையான வேட்டையாளர் முயலைக் கொல்வதற்காக நாயை விடுவதில்லை, ஓட்டத்தைக் காண்பதற்கே விடுகின்றனர், முயல் தப்பினால் மகிழவும் செய்கின்றனர் என்பது அரியனின் கருத்து.

இக்கருத்து வேட்டை வரலாற்றில் ஒரு திருப்பமாகும். உணவு பெறும் செயலாக இருந்த முயல் வேட்டை, உணவை ஒரு பொருட்டாகக் கருதாதவர்க்குரிய விளையாட்டாக இங்கு மாறுகின்றது. பிற்கால இங்கிலாந்தில் ‘கோர்சிங்’ எனப்பட்ட முயலோட்டம் இவ்வடிப்படையிலேயே வளர்ந்தது. தமிழ் மரபில் நிலைமை வேறு. கானமுயலை வீழ்த்திய அம்பினும் யானையைத் தவறவிட்ட வேல் மேலானது என்னும் திருக்குறள் கருத்தில் முயல் மிகச் சிறிய இலக்காகவே மதிக்கப்படுகின்றது. அச்சிறு விலங்கை வேட்டையாடுவது நிலவுடைமையாளரின் தனியுரிமையாக மதிக்கப்பட்டது இங்கிலாந்தின் தனித்தன்மை எனலாம்.

முயலோட்டத்தின் ஒழுங்குமுறை

முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் நார்ஃபோக் கோமகன் முயலோட்டத்திற்கு விதிகள் வகுத்தார் என்பர். 1776-இல் ஆர்ஃபோர்டு பிரபு சுவாஃபம் என்னும் ஊரில் முதல் முயலோட்டக் கழகத்தை நிறுவினார். 1836-இல் லிவர்பூல் அருகிலுள்ள ஆல்ட்கார் வெளியில் வாட்டர்லூ கோப்பைப் போட்டி தொடங்கிற்று. 1858-இல் தேசிய முயலோட்டக் கழகம் தோன்றி விதிகளை ஒருமைப்படுத்தியது. அயர்லாந்தைச் சேர்ந்த ‘மாஸ்டர் மக்ரா’ என்னும் நாய் 1868, 1869, 1871 ஆகிய ஆண்டுகளில் வாட்டர்லூ கோப்பையை வென்று பெரும்புகழ் பெற்றது.

இப்போட்டியில் இரண்டு கிரேஹவுண்டு நாய்கள் ஒரே வாரில் பிணைக்கப்பட்டு ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடப்படும். அதற்கு முன் முயலுக்கு 80 முதல் 100 கெஜம் வரை முன்தூரம் அளிக்கப்படும். இம்முன்தூரத்திற்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயர் ‘லா’, அதாவது சட்டம் என்பதே. வேகம், எதிர் நாயை முந்துதல், முயலைத் திருப்புதல் முதலியவற்றிற்குப் புள்ளிகள் வழங்கப்பட்டன. முயலைக் கொன்ற நாயே வென்றதாகும் என்ற விதி இல்லை. கொல்லாத நாயும் வெல்ல இயலும். தன் துணை நாய் முயலைத் திருப்பட்டும் எனப் பின்தங்கியிருந்து, குறுக்கே பாய்ந்து பிடிக்கும் நாயைத் தந்திர நாய் எனப் போட்டியாளர் ஒதுக்கினர். பகலோட்டத்தில் குறையாகக் கருதப்பட்ட இப்பண்பே இரவு வேட்டையில் நிறைவாகப் போற்றப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

லர்ச்சர்: சட்டம் பெயர் சுட்டிய நாய்

கிரேஹவுண்டு வைத்திருப்பதே தகுதிக்குரியதாக இங்கிலாந்தில் நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சியில் 1389-90-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆண்டுக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நிலமில்லாத பொதுமக்கள் வேட்டை நாயோ வலையோ வைத்திருப்பதைத் தடுத்தது. 1671-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இத்தகுதியை ஆண்டுக்கு 100 பவுன் வருவாயுள்ள நிலவுடைமை என உயர்த்தியது. நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க ஊர்ப்புறத்தானுக்கு அன்று 40 ஷில்லிங், அதாவது 2 பவுன் மதிப்புள்ள நிலம் போதும். வாக்களிக்க வேண்டிய சொத்தைப் போல ஐம்பது மடங்கு சொத்து முயல் பிடிக்க வேண்டியதாயிற்று. இம்முரண்பாட்டைச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டியுள்ளார்.

1671-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொன்றும் கருதத்தக்கது. தகுதியற்றோர் வீடுகளில் புகுந்து தேடவும் அங்குள்ள வேட்டைக் கருவிகளையும் நாய்களையும் கைப்பற்றவும் வேட்டைக் காவலர்க்கு அது அதிகாரம் வழங்கியது. அவ்வாறு கைப்பற்றத்தக்கனவற்றுள் கிரேஹவுண்டுடன் ‘லர்ச்சர்’ என்னும் நாயும் பெயர் சுட்டப்படுகின்றது. ஒளிந்து திரிதல் என்னும் பொருளுடைய ஆங்கில வினையோடு தொடர்புடையது இப்பெயர். இது தனியினம் அன்று. கிரேஹவுண்டு போன்ற ஓட்ட நாயை ஆட்டுக்காவல் நாயுடனோ டெரியர் வகையுடனோ கலந்து பெறுவது. ஓட்ட நாயிடமிருந்து விரைவும் கண்கூர்மையும், காவல் நாயிடமிருந்து அறிவும் கீழ்ப்படிதலும் மோப்பமும் இதற்கு வாய்க்கின்றன. ஆட்டுக்காவல் நாய் வைத்திருக்க எந்தக் குடியானவனுக்கும் தடையில்லை. ஆதலால் உருவில் அதனை ஒத்த கலப்பினம் காவலர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது என்பதும் இக்கலப்பிற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுவதுண்டு.

இந்நாயின் இரவுத் தொழிலுக்குத் தெளிவான சான்று தாமஸ் பியூயிக் 1790-இல் வெளியிட்ட விலங்கு வரலாற்று நூலில் கிடைக்கின்றது. இரவில் வெளிமுயலையும் வளைமுயலையும் பிடிக்க லர்ச்சர் பெரிதும் பயன்பட்டதாக அவர் எழுதுகின்றார். முயல்காப்பிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டால் அது ஓசையின்றி ஊர்ந்து சென்று, மேயும் முயல்களை மோப்பத்தால் அறிந்து, குரையாமலே பாய்ந்து பிடிக்கும். ஓரிடத்தில் காத்திருக்கும் தலைவனிடம் இரையைக் கொண்டுவந்து சேர்க்கும் வகையில் பழக்கப்பட்ட நாயும் இருந்தது என்பது அவர் தரும் செய்தி. குரையாமை, இரையை மீட்டுத் தருதல் ஆகிய இரண்டும் பகலோட்டத்தில் மதிப்பிடப்படாத பண்புகள். இரவில் அவையே உரிமையாளனைச் சிறையிலிருந்து காத்தன.

இரவு என்னும் குற்றம்

நார்மானியர் வரவிற்குப்பின் இங்கிலாந்தில் பரவிய வளைமுயல், தொடக்கத்தில் முயல்காப்பிடங்களில் பேணி வளர்க்கப்பட்ட விலையுயர்ந்த உயிராக இருந்தது. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் வேளாண்மை மாற்றங்களாலும், வேட்டைக் காவலர் நரி, மரநாய் போன்றவற்றை ஒழித்ததாலும் அது நாடெங்கும் பெருகிப் பயிரை அழிக்கும் உயிராயிற்று. எனினும் அதனை இரவில் பிடிப்பது பெருங்குற்றமாகவே நீடித்தது.

1723-இல் இயற்றப்பட்ட கருஞ்சட்டம், முகத்தில் கரி பூசி ஆயுதத்துடன் காடுகளிலோ முயல்கள் பேணப்படும் இடங்களிலோ காணப்படுவோர்க்கு மரண தண்டனை விதித்தது. ஒரு நூற்றாண்டுக்குப்பின் 1823-இல் அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டது. வரலாற்றறிஞர் ஈ.பி. தாம்சன் 1975-இல் வெளியிட்ட நூல் இச்சட்டத்தின் பின்னணியை விரிவாக ஆராய்ந்துள்ளது.

1828-ஆம் ஆண்டு இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் இரவு என்பதற்கே வரையறை தந்தது. கதிரவன் மறைந்து ஒரு மணிநேரம் கழிந்தது முதல், கதிரவன் எழுவதற்கு ஒரு மணிநேரம் முன்புவரை இரவு என அது கொண்டது. சட்ட நோக்கில் வளைமுயல் ‘வேட்டை விலங்கு’ என்னும் வகையில் அடங்காது, வெளிமுயல் அடங்கும். ஆயினும் இச்சட்டம் வேட்டை விலங்குகளையடுத்து வளைமுயலையும் தனியே பெயர் சுட்டிச் சேர்த்துக்கொண்டது. முதற்குற்றத்திற்கு மூன்று மாதக் கடுஞ்சிறை, இரண்டாவதற்கு ஆறு மாதம், மூன்றாவதற்கு ஏழாண்டு நாடுகடத்தலும் விதிக்கப்படலாயிற்று. மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆயுதத்துடன் சென்றால் பதினான்கு ஆண்டு நாடுகடத்தல் வரை தண்டனை நீண்டது. 1831-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் சொத்துத் தகுதியை நீக்கி, உரிமச்சீட்டு முறையைக் கொணர்ந்தபோதும் இரவு பற்றிய கடுமை தளரவில்லை. 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாலையில் செல்வோரை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் காவல்துறைக்கு வழங்கப்பட்டது.

உழவர்க்குச் சிறிது விடிவு தந்தது 1880-ஆம் ஆண்டு நில வேட்டைச் சட்டமாகும். தம் பயிரை அழிக்கும் இருவகை முயல்களையும் பிடிக்க, நிலத்தைப் பயிரிடுவோர்க்கு விட்டுக்கொடுக்க இயலாத உரிமையை அது வழங்கியது. ஆனால் இரவில் துப்பாக்கியால் சுடுவதை அச்சட்டம் தடை செய்தது. வளைமுயல் மேய வருவதோ இரவில். எனவே உரிமையுள்ள உழவரும் உரிமையற்ற கூலியாளரும் இரவு வேட்டைக்கு ஓசையற்ற கருவிகளாகிய நாயையும் வலையையும் நாட வேண்டியவராயினர்.

வலையிலிருந்து விளக்குக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரவு வேட்டையில் வலையே முதன்மை பெற்றது. காற்று வீசும் இருண்ட இரவில், மேய்ச்சல் வெளிக்கும் வளைகளுக்கும் இடையே நெடுவலையை ஓசையின்றிக் கட்டுவர். பின்னர் நாய் மறுபுறமிருந்து முயல்களைக் கலைத்து வலைக்குள் செலுத்தும். வெளிமுயல் வழக்கமாக வயல் வாயிலின் வழியே தப்புவதால் அங்கு வாயில்வலை மாட்டப்படும். வலை, நாய், புலர்த்தப்படும் வெளி என்னும் மூன்றும் கூடிய இவ்வமைப்பு பெரும்பாணாற்றுப்படை காட்டும் முயல் வேட்டையோடு பெரிதும் ஒத்திருக்கின்றது. இரண்டிற்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிக்க வேண்டுவதில்லை. ஒரே இயற்கைச் சூழல் ஒரே வகைத் தொழில்நுட்பத்தைத் தோற்றுவித்தது எனக் கொள்வதே பொருந்தும். ஆயினும் எயினர் பட்டப்பகலில் வெளிப்படையாகச் செய்ததை ஆங்கிலக் கூலியாளர் இருளில் ஒளிந்து செய்ய நேர்ந்தது என்னும் வேறுபாடு கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் கையில் எடுத்துச் செல்லத்தக்க மின்விளக்கும் மின்கலமும் வந்தபின் ‘லாம்பிங்’ எனப்படும் விளக்கு வேட்டை பரவிற்று. நிலவற்ற இரவில், காற்றின் ஓசை காலடி ஓசையை மறைக்க, வேட்டையாளர் ஒளிக்கற்றையை வெளியில் செலுத்துவார். ஒளிபட்ட முயலின் கண்கள் மின்னும். சிலபோது அது அசையாது பதுங்கும். அவிழ்த்துவிடப்பட்ட நாய் ஒளிக்கற்றையின் வழியே ஓடிப் பிடித்து, உயிருடன் கொண்டுவந்து தரும். முயலோட்டத்திற்கென வளர்க்கப்பட்ட நாய் இத்தொழிலுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. நெடுந்தொலைவு ஓடும் ஆற்றலைவிடக் குறுகிய தூரத்தில் உச்ச வேகத்தை எட்டும் ஆற்றலும், ஒளி அணைந்தவுடன் திரும்பிவரும் கீழ்ப்படிதலும் இங்குத் தேவைப்படுகின்றன. இருளில் முள்வேலியில் மோதிக் காயமுறும் இடரும் உண்டு. எனினும் தூய கிரேஹவுண்டின் குருதியில்லாமல் வேகம் வாய்ப்பதில்லை. இதனால் இரண்டு தொழில்களுக்கும் இடைப்பட்ட கலப்பினமே வேட்டையாளரின் விருப்பமாயிற்று.

1953-இல் மிக்சோமடோசிஸ் என்னும் நோய் கென்ட் பகுதியில் தோன்றி, இரண்டே ஆண்டுகளில் பிரிட்டனின் வளைமுயல்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதை அழித்தது. ஊர்ப்புற எளியோரின் இறைச்சிக்கும் சிறு வருவாய்க்கும் உதவிய இவ்வேட்டை இதனால் சிதைந்தது. பின்னர் முயல்கள் மீண்டும் பெருகியபோது இரவு வேட்டை தொடர்ந்தது; ஆயினும் வயிற்றுத் தேவை அதில் பழைய இடத்தைப் பெறவில்லை.

வேட்டையாளரின் குரல்

இவ்வரலாற்றிற்குரிய சான்றுகளுள் பெரும்பாலானவை சட்டங்கள், நீதிமன்றப் பதிவுகள், நிலவுடைமையாளர் எழுத்துகள் ஆகியன. அவற்றில் இரவு வேட்டையாளர் குற்றவாளியாகவே காட்சியளிக்கின்றார். மறுபக்கத்தைக் காட்டுவன சிலவே. நார்ஃபோக் பகுதி முதிய வேட்டையாளர் ஒருவரின் நினைவுகளை லிலியாஸ் ரைடர் ஹாகார்டு தொகுத்து 1935-இல் வெளியிட்டார். ஜேம்ஸ் ஹாக்கர் என்பாரின் குறிப்புகள் அவர் மறைவிற்கு நெடுங்காலத்திற்குப்பின் 1961-இல் அச்சேறின. வறுமையில் வளர்ந்த ஹாக்கர், தாம் வேட்டையாடியது வருவாய்க்காக மட்டுமன்று, நிலவுடைமை வகுப்பின்மீது கொண்ட சினத்தினாலும்தான் என வெளிப்படையாகக் கூறுகின்றார். காட்டுயிர் யாருக்கும் உடைமையன்று என்னும் ஊர்ப்புற நம்பிக்கைக்கும், அது நிலத்துக்குரியவனைச் சேரும் என்னும் சட்டத்திற்கும் இடையே நிகழ்ந்த மோதலை இவ்வெழுத்துகள் காட்டுகின்றன.

இரண்டாயிரத்திற்குப் பிந்தைய மாற்றம்

2004-ஆம் ஆண்டு வேட்டைச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்சிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்னரே கடைசி வாட்டர்லூ கோப்பைப் போட்டி நிகழ்ந்து முடிந்தது. நாய்களைக் கொண்டு வெளிமுயலைத் துரத்துவது இச்சட்டத்தால் குற்றமாயிற்று. ஆனால் நில உரிமையாளரின் இசைவுடன் வளைமுயலையும் எலியையும் நாய்கொண்டு வேட்டையாட விலக்கு அளிக்கப்பட்டது. இதன் விளைவு வியப்பிற்குரியது. பிரபுக்களின் பகலோட்டம் தடைசெய்யப்பட்டது; ஏழாண்டு நாடுகடத்தலுக்கு உரியதாக இருந்த இரவு வளைமுயல் வேட்டை, இசைவு பெற்றால் சட்டத்திற்கு உட்பட்டதாக நிலைத்தது. ஸ்காட்லாந்தில் 2002-ஆம் ஆண்டுச் சட்டமும் வளைமுயலை விலக்கி வைத்திருந்தது. 2023-இல் வந்த புதிய சட்டம் அவ்விலக்கை நீக்கியது. அயர்லாந்துக் குடியரசில் முயலோட்டம் நீடிப்பினும் 1993 முதல் நாய்களுக்கு வாய்மூடி அணிவிக்கப்படுகின்றது.

இதனால் பழைய எளியோரின் வேட்டையே இன்று குற்றமாகத் தொடர்கின்றது எனக் கருதுதல் பொருந்தாது. அண்மைக் காலத்தில் பிறர் நிலத்தில் வாகனங்களுடன் புகுந்து, பந்தயப் பணத்திற்காக வெளிமுயலைத் துரத்துவோரால் பயிர் அழிவதும் உழவர் அச்சுறுத்தப்படுவதும் நிகழ்கின்றன. இதனைத் தடுக்க 2022-ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சட்டம் புதிய குற்றங்களை வகுத்து, குற்றவாளி நாய் வைத்திருப்பதைத் தடைசெய்யவும் நீதிமன்றத்திற்கு அதிகாரம் தந்தது. 1828-ஆம் ஆண்டுச் சட்டமும் இதன்வழித் திருத்தப்பட்டுத் தண்டனை கூட்டப்பட்டது. பெருநில உடைமையாளரின் வேட்டையுரிமையைக் காக்கப் பிறந்த சட்டம், உழவரையும் காட்டுயிரையும் காக்கும் கருவியாக மாறி நிற்பதைக் காணமுடிகின்றது.

முடிவுரை

தமிழகத்திலும் சிப்பிப்பாறை, கன்னி முதலிய ஓட்ட நாய்கள் முயல் வேட்டைக்குப் பெயர்பெற்றவை. 1972-ஆம் ஆண்டு இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவ்வேட்டையைத் தடை செய்துள்ளன. இங்குத் தடையின் அடிப்படை உயிரினப் பாதுகாப்பு. இங்கிலாந்தில் தொடக்ககாலத் தடையின் அடிப்படை சொத்துரிமை.

ஒரே நாயினக் குடும்பம் பகலில் கோப்பைக்கும் இரவில் தண்டனைக்கும் உரியதாக நின்றமைக்கு அந்நாய்களின் இயல்பு காரணமன்று. நாயின் வாரைப் பிடித்திருந்தவரின் நிலவுடைமையே காரணம் என்பது மேற்கண்ட சான்றுகளால் புலனாகின்றது. எந்த முயல், எந்த நேரம், எவருடைய நிலம் என்னும் மூன்று வினாக்களுக்குச் சட்டம் அளித்த விடைகள் காலந்தோறும் மாறிவந்துள்ளன. வேட்டை பற்றிய இலக்கியச் சான்றுகளை ஆராயும்போதும் வேட்டையின் முறையோடு அதன் பயனைப் பெற்றவர் யார் என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். பிடித்த முயலைக் கானவர் கூடியுண்டனர் எனப் பெரும்பாணாற்றுப்படை கூறுவது, இவ்வகையில் வேட்டை வருணனை என்னும் அளவில் நில்லாது, பங்கீட்டை அடிப்படையாகக் கொண்ட ஒரு சமூகத்தின் சான்றாகவும் விளங்குகின்றது.